பென்சிலில் போட்ட டிக்

என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பார்க்கிற யாருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்த மதிப்பெண்களுக்காக நான் பொதுத்தேர்வு எழுதவே இல்லை. 2021 ஜூனில் கொரோனா காரணமாகத் தேர்வை ரத்து செய்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் உள்மதிப்பீடும் சேர்த்து 30 என்று கணக்கிட்டு ஜூலையில் முடிவு வந்தது. அன்றைய நிலையில் அதைவிட நியாயமான வழி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும், கணிதத்துக்கு எதிரே இருந்த அந்த எண்ணைப் பார்த்தபோது, எனக்குத் தொகை நுண்கணிதம் தெரியும் என்று இது சொல்கிறதா, தெரியாது என்று சொல்கிறதா என்ற குழப்பம் வந்தது. வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் கேசரி சாப்பிட்டேன். கேள்வி மட்டும் போகவில்லை.

இப்போது நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்கு ஆத்தங்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி கிடைத்தது. காரைக்குடியிலிருந்து காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அதை விட்டால் மெயின் ரோட்டில் இறங்கி, கண்மாய்க் கரையோரமாக நடக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் 27 பேர். முதல் நாள் வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு 2020. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஆக, இந்த 27 பேரும் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்பு என்ற ஒன்று அவர்கள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. எனக்கு ஒரு தேர்வு இல்லாமல் போனது. இவர்களுக்கு ஒரு வகுப்பே இல்லாமல் போயிருக்கிறது.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது இவர்கள் மூன்றாம் வகுப்பு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்குத் தக்கபடி பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற அந்த முறை ஒன்று முதல் மூன்று வரைக்குத்தான் முதலில் வந்தது. இவர்களுக்கு அது மூன்றாம் வகுப்பில்தான் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

சரி, அந்த முதல் பாடத்துக்கு வருகிறேன். பின்னங்களை ஒப்பிடுதல். இரண்டு ராத்திரி உட்கார்ந்து தயாரித்தேன். பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. நான் தேடி எடுத்து வைத்திருந்த வீடியோவில் ஒரு பீட்சா வரும். கத்தி வந்து அதை நாலாக வெட்டும், அப்புறம் எட்டாக வெட்டும். ஒவ்வொரு துண்டும் பறந்து போய் ஒரு தட்டில் உட்காரும். மணி அடிக்கிற சத்தம் வேறு. பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். "கால் பெருசா, அரைக்கால் பெருசா?" என்று கேட்டேன். "கால்!" என்று வகுப்பே அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

எங்கள் பயிற்சிப் பதிவேட்டில் கற்றல் விளைவுகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. எந்த வகுப்பு முடிக்கும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று 2017-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. தொடக்க நிலை வகுப்புகளுக்கு எழுதிக்கொடுத்ததன் வழியில் வந்த பட்டியல் அது. பாடத்தை நடத்தினோமா என்று கேட்காமல் பிள்ளைக்கு வந்ததா என்று கேட்கிற பட்டியல் என்பதால் எனக்கு அதன்மேல் நிஜமான மதிப்பு உண்டு. 'பின்னங்களை ஒப்பிடுகிறார்' என்ற வரிக்கு எதிரே, அன்று சாயந்திரம் பஸ்ஸில் வைத்தே, நீலப் பேனாவால் 27 டிக் போட்டேன்.

மறுநாள் வழிகாட்டி ஆசிரியர் வகுப்புக்கு வந்தார். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, கரும்பலகையில் 1/4, 1/8 என்று மட்டும் எழுதி, எது பெரியதோ அதை எழுதச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது, பக்கத்தில் பார்க்கக் கூடாது. 27 சீட்டில் 19-இல் 1/8 என்று இருந்தது. எட்டு நாலைவிடப் பெரியதுதானே. முந்தின நாள் "கால்" என்று கத்தியவர்களில் முன்வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் விஷயம் தெரியும். மற்றவர்கள் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து குரல் கொடுத்திருக்கிறார்கள். அதோடு, அந்த வகுப்பில் பீட்சாவைக் கண்ணால் கண்ட பிள்ளைகளே இரண்டு பேர்தான். இதையும் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் தன் பையிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். எல்லாமே பென்சிலில். 'கடன் வாங்கிக் கழித்தல்: நடுவில் சைபர் வந்தால் நிற்கிறான்.' 'எட்டாம் வாய்ப்பாடு: 8 × 7-இல் தடுமாற்றம், 7 × 8 சரியாகச் சொல்கிறாள்.' 'இடமதிப்பு: ஆயிரத்துக்கு மேல் பயம்.' சில வரிகள் அழிக்கப்பட்டு, அதே இடத்தில் வேறு வரிகள். சில பக்கங்கள் அழித்து அழித்தே சாம்பல் நிறமாகி, தாள் தேய்ந்திருந்தது. நான் அந்த மாதிரி ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுக்கா இருக்கேன்னு பாக்கிறியாம்மா? அதுதான் நல்லா இருக்கிற பக்கம். வெள்ளையா இருக்கிற பக்கத்தைத்தான் நான் பயந்து பயந்து பாப்பேன். அந்தப் பிள்ளைகிட்ட நான் இன்னும் சரியாப் போகலைன்னு அர்த்தம்" என்றார். அப்புறம் என் பதிவேட்டைத் திறந்து அந்த 27 நீல டிக்கையும் பார்த்தார். "இனிமே பென்சில்ல போடுத்தா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பத்தாவிடம் கேட்டேன். அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் ஊரில் பெரிய வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் சமையல்கட்டில் அப்பத்தாதான் அளந்து கொடுப்பார். இன்றைக்கும் கிலோ கணக்கு அவருக்கு ஒட்டாது. எல்லாம் படிதான். பரணிலிருந்து பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு நாலையும் இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. படியில் ஆழாக்கு என்பது எட்டில் ஒன்று, உழக்கு நாலில் ஒன்று. நான் இரண்டு ராத்திரி இணையத்தில் தேடிய பாடம் எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பின்னம் புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வட்டிக்கடை நடத்திய ஊர்கள் இவை. பெட்டியடிப் பையனாகக் கடைக்குப் போகிற பிள்ளைக்கு முக்கால், அரை, கால் மட்டும் போதாது. பதினாறில் ஒன்று மாகாணி, இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி என்று வாய்ப்பாடு தலைகீழாக வர வேண்டும். வட்டியில் முந்திரி பிசகினாலும் பேரேடு ஒத்துக்கொள்ளாது. அதுவும் ஒரு தரம்தான், ரொம்பக் கறாரான தரம். அது எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்பது வேறு விஷயம். எங்கள் அப்பத்தாவுக்குக் கிடைக்கவில்லை; அளந்து அளந்து கையே கற்றுக்கொண்டது.

மறுநாள் பள்ளிக்குப் பின்னால் மணல் குவித்திருந்த இடத்துக்கு வகுப்பையே கூட்டிப் போனேன். நாலு குழுவாகப் பிரித்து, "ஆழாக்கால் அளந்து படியை நிரப்புங்கள், எண்ணுங்கள். அப்புறம் உழக்கால் நிரப்புங்கள்" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. முதல் குழுவில் ஒன்பது வந்தது, படியைத் தலைதட்டாமல் குவித்து நிரப்பியதில் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு பையன் ஸ்கேலை எடுத்துத் தலையை வழித்துவிட்டான். எட்டு வந்தது. அவன் அப்பா டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறவர். கண்ணாடி மேல் வைத்த அச்சில் சாயத்தை ஊற்றி, மேலே சிமென்ட் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவதைத் தினமும் பார்க்கிறவன், அதனால் வழித்துவிடுவது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதாக இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். முந்தின நாள் சீட்டில் 1/8 என்று அழுத்தமாக எழுதியவர்களில் ஒருத்தி. ஆழாக்கை உழக்குக்குள் இறக்கி, வெளியே எடுத்து, மறுபடி இறக்கிப் பார்த்தாள். "டீச்சர், எத்தனை தடவை போடணுமோ அத்தனைக்கு அது சின்னது." கீழே இருக்கிற எண் பெரிதாகப் பெரிதாகப் பின்னம் ஏன் சிறிதாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அவள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வாரம் முழுக்க யாரையும் அழிக்க விடவில்லை.

ஸ்மார்ட் போர்டை நான் கைவிட்டுவிட்டேன் என்று இதைப் படித்து யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு நாள் கழித்து அதே பீட்சா வீடியோவைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை அவர்கள் வாயை மூடிப் பார்க்கவில்லை. "டீச்சர், நிப்பாட்டுங்க! ஒரு துண்டு பெருசா இருக்கு, சமமா வெட்டலை" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான், படத்தில் ஒரு துண்டு கொஞ்சம் அகலம். சமமாக வெட்டினால்தான் பின்னம் என்பதை வீடியோவிடம் அவர்கள் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டார்கள். வீடியோ அதேதான். பார்க்கிற பிள்ளையின் கையில் இப்போது எட்டுத் தடவை அள்ளிப் போட்ட மணலின் கனம் இருந்தது. எனக்கு இதுதான் விளங்கியது: திரை வர வேண்டியது கைக்குப் பிறகு. முன்னால் வந்தால் அது பிள்ளையைத் தலையாட்ட வைக்கிறது. பிறகு வந்தால் கேள்வி கேட்க வைக்கிறது.

ஏழாம் வகுப்பில் எங்களைக் காரைக்குடி சிக்ரிக்குக் கூட்டிப் போனது ஞாபகம் வருகிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம். அவ்வளவு பெரிய கருவிகளில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. நீலக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியை நானே விட்டு எடுத்தேன். அது செம்பு பூசிக்கொண்டு வந்தது. அங்கிருந்த அண்ணன் இடுக்கியை என் கையில் கொடுத்திருக்காவிட்டால் அதுவும் மறந்திருக்கும்.

கருவி நிஜமாகவே கைகொடுத்த இடமும் ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பையனுக்கு மனக்கணக்கு பிரமாதமாக வரும், ஆனால் வாக்கியக் கணக்கு என்றால் கண்ணை மூடிக்கொள்வான். கணக்கு வராமல் இல்லை, வாசிக்க வரவில்லை. 'ஒ-ரு க-டை-யி-ல்' என்று எழுத்தெழுத்தாக வந்து, 'கடையில்' என்பதற்குள் 'ஒரு' மறந்துவிடும். வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் அழுகை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து, ஒரே ஒரு கணக்கை அவன் வாசிப்பதை என் போனில் பதிவு செய்து அவனுக்கே போட்டுக் காட்டினேன். "இது நானா டீச்சர்?" என்றான். இரண்டு தடவை கேட்டான். "இந்த இடத்துல முழுங்கிட்டேன், திருப்பி எடுங்க" என்று அவனே சொன்னான். நான் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. தினம் ஒரு கணக்கு, மூன்று நிமிஷம். ஆறாவது வாரம் அவன் ஒரு முழுக் கணக்கையும் நிற்காமல் வாசித்த பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. வகுப்பு மொத்தமும் பார்க்கப் பயந்தவனுக்கு, அவனை மட்டும் கேட்கிற ஒரு காது தேவைப்பட்டது. அந்த வேலையைப் போன் செய்தது. 75 அங்குலத் திரையால் அது முடிந்திருக்காது.

2018-லிருந்து வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. மணற்கேணி செயலியில் தமிழிலேயே பாட வீடியோக்கள் இருக்கின்றன. ராத்திரி பாடம் தயாரிக்கும்போது நான் முதலில் போவது அங்கேதான், எனக்கே தெளிவில்லாத இரண்டு மூன்று கருத்துகளை அதில்தான் தெரிந்துகொண்டேன். நான் 2020-இல் ஒரே போனை அண்ணனோடு பங்கு போட்டுக்கொண்டு, சிக்னலுக்காகத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து படித்தவள். இலவசமாக, நம் மொழியில், எந்த ஊரிலிருந்தும் கிடைக்கிற ஒரு பாடத்தின் அருமை எனக்குத் தெரியும்.

என் வருத்தம் எங்களைத் தயார் செய்கிற முறையைப் பற்றியது. நான் படிக்கும் கல்லூரியில் மாதிரிப் பாடம் எடுக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பது சக மாணவிகள். அவர்களுக்குப் பின்னம் தெரியும். ஸ்லைடு அழகாக இருந்தால், படம் அசைந்தால், மதிப்பெண் கூடும். புரியாத ஒருவர் எதிரே இருந்தால் அந்த ஸ்லைடு என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டு 27 மனசைப் படிக்கிற வித்தையை ஒரு வகுப்பில்கூட எங்களுக்குக் காட்டவில்லை. ஸ்மார்ட் போர்டை இயக்க ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்தச் சீட்டில் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆண்டுக்கணக்காகும்.

ஆசிரியருக்கான தரம் பற்றிய பேச்சும் இந்தப் பயிற்சிக் காலத்திலேயே வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற, ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். எங்கள் டீச்சருக்கு 48 வயது, 20 ஆண்டுக்கு மேல் சர்வீஸ். அன்று சாயந்திரம் ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசவில்லை. டீச்சர் நோட்டைத் திறந்து திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் என்னிடம் வந்து, "நீ வச்சிருக்கிற கைடைக் கொஞ்சம் குடும்மா" என்றார். அப்புறம் தினமும் மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்தே படித்தோம். 150 கேள்வி, மூன்று மணி நேரம். அதில் 30 கேள்வி குழந்தை மேம்பாட்டில். ஏழிலிருந்து பதினோரு வயது வரை குழந்தைகள் கையில் பிடிக்கிற பொருளை வைத்துத்தான் தர்க்கமாக யோசிப்பார்கள் என்று உளவியலாளர் பியாஜே பிரித்த நிலைக்குக் கைடில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. டீச்சருக்கு அந்தப் பெயர் மனசில் நிற்கவில்லை. மூன்றாவது நாள் நான் "படி, உழக்கு, டீச்சர்" என்றேன். "அட, அதுவா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. 20 ஆண்டாகச் செய்துகொண்டிருப்பதன் பெயரை இப்போது மனப்பாடம் செய்கிறார்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதாத தேர்வின் மதிப்பெண்ணோடு திரிகிறவள் நான், தேர்வின் அவசியம் எனக்குப் புரியும். பிள்ளைக்குத் தரம் கேட்கிற நாடு ஆசிரியருக்கும் தரம் கேட்பது நியாயம். ஆனால் அந்தச் சாம்பல் நிறப் பக்கங்களை ஒரு தடவையாவது யாராவது புரட்டிப் பார்க்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். 20 ஆண்டு நோட்டுகள் டீச்சர் வீட்டு மரப்பெட்டியில் இருக்கின்றன. தகுதி என்ற சொல்லுக்கு அதைவிடக் கனமான சாட்சி எனக்குத் தெரியாது.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். வேறு வேறு மையம். திங்கட்கிழமை காலையில் டீச்சர் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு அது பயிற்சியின் கடைசி வாரம். நோட்டை என்னிடம் நீட்டி, "ஆறாம் வகுப்பு முழுக்க இந்த வாரம் நீயே எழுது" என்று பென்சிலையும் ரப்பரையும் கொடுத்தார்.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் 'பின்னம் ஒப்பிடுதல்' என்றிருந்த வரியை அழித்தேன். அன்றைய பாடம் பின்னக் கூட்டல். கால் கூட்டல் அரைக்கால் என்று கொடுத்ததற்கு, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 2/12 என்று நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தாள். அழித்த இடத்திலேயே அதைக் குறித்துக்கொண்டு, அலமாரியைத் திறந்து படியை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். ஆழாக்கோடு மணல் மேட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.